அண்ணாச்சிக்கு மனம் தெளிந்த கதை

ஒரு காட்டில் டவர் வருவதற்கு முன்பே ஒரு மந்தி இருந்தது. டவர் வந்த பிறகும் இருந்தது. ஆனால் அது மரத்தில் இருக்கிறதா, போனில் இருக்கிறதா என்று பார்ப்பவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மந்தியின் பெயர் பேச்சியம்மா. பெயர் தெரிந்த பிறகு 'அது, இது' என்று பேசினால் நன்றாக இருக்காது. இனி அவள் என்றே சொல்கிறேன்.

ஓடைக்கரை மருதமரத்தின் உச்சியில் உட்கார்ந்து காவல் பார்ப்பது அவளுடைய பரம்பரை வேலை. புலியின் தலை தெரிந்தால் 'கெக்க், கெக்க்' என்று தொண்டை வறளக் கத்த வேண்டும். சத்தம் கேட்டதும் கீழே மேய்கிற புள்ளிமான்கள் ஓட்டம் பிடிக்கும். பதிலுக்கு, மந்திகள் தண்ணீர் குடிக்க இறங்கும்போது மான்கள் காற்றை மோந்து பார்த்து ஆபத்தைச் சொல்லும். மந்தி பாதி கடித்துக் கீழே போடும் பழமும் தழையும் மானுக்குத்தான். இந்த ஏற்பாடு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டதும் கிடையாது.

மான்களில் தங்கபுஷ்பம் அவளுக்கு நெருக்கம். தங்கபுஷ்பத்துக்கு முன்பு பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. இப்போது ஒரு குட்டி பிறந்து, கால் ஊன்றி, கண்டதையெல்லாம் முகர்ந்து பார்த்துக்கொண்டு திரிந்தது. பேச்சியம்மாவின் கண்ணை நம்பித்தான் அவள் அதை மேயவிட்டிருந்தாள்.

இப்படியிருக்கையில் மலை உச்சியில் டவர் முளைத்தது. அருவிக்குக் குளிக்க வருகிறவர்களின் பைகளைப் பறிப்பது மந்திகளுக்குப் பழைய பழக்கம். தின்னக்கூடியதைத் தின்றுவிட்டு மீதியைக் காட்டுக்குள் வீசிவிடுவார்கள். வீசியதில் ஒன்று ஒருநாள் பாடியது. பேச்சியம்மா போய் எடுத்து விரலால் தடவினாள். அவ்வளவுதான் தெரியும், அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் எப்படிப் போனது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

காடு முழுக்க போன் பரவியது. சார்ஜ் போடுவதற்கு ஒரு தோட்டத்துச் சூரிய வேலி இருந்தது. யானைகளைத் தடுக்கப் போட்ட வேலி அது. யானைகள் அதைப் பொருட்படுத்தாததால் மின்சாரம் சும்மா கிடந்தது. கிளிகள் விடிவதற்கு முன்பே ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பின. முள்ளம்பன்றி எல்லா வியாதிக்கும் வைத்தியம் அனுப்பியது. 'கொப்புத் தோழிகள்' என்ற குழுவுக்குப் பேச்சியம்மாதான் தலைவி. யார் யாரைச் சேர்க்கலாம், யாரை நீக்கலாம் என்ற பெரும் பொறுப்பு அவள் தலையில் விழுந்ததால், புலி போன்ற சிறு விஷயங்களைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று.

ஒருநாள் குழுவில் கிளி ஒரு படம் போட்டது. மருதமரத்தடியில் புலி. 'இப்போது, நம்ம ஓடைக்கரையில்' என்று கீழே எழுதியிருந்தது. நல்ல படம் என்று பேச்சியம்மாவும் ஒரு கைதட்டல் அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் அது தன் மரம் என்று உறைத்தது. குனிந்து பார்த்தாள். புலி அவளைக் கடந்து, மான்களையும் கடந்து, குட்டிக்கு வால் படும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்.

புலியைக் காட்டில் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணாச்சி யாரையும் தொடவில்லை, ஏனென்றால் அவர் யாரையும் பார்க்கவில்லை. அவர் கையிலும் ஒரு போன் இருந்தது. ஆனால் இதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. குட்டி பிழைத்ததே போதும் என்றிருந்தது.

தங்கபுஷ்பம் சண்டை போடவில்லை. மரத்தடிக்கு வந்து நின்றாள். பிள்ளை பிழைத்துவிட்டது, அதனால் இந்த முறை எதுவும் சொல்லப்போவதில்லை என்றாள். பேச்சியம்மாவுக்கு அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாறைக் குகைக்குத் தேவாங்குத் தேரர் வந்து சேர்ந்திருந்தார். எங்கோ ஒரு புத்த விகாரையின் மாமரத்தில் வெகுகாலம் குடியிருந்து, கீழே நடந்த போதனைகளையெல்லாம் கேட்டுக் கேட்டு ஞானம் பெற்றவர் என்று பேசிக்கொண்டார்கள். பெரிய கண்கள். ஒரு கையை எடுத்து வைப்பதற்கும் அடுத்த கையை எடுத்து வைப்பதற்கும் நடுவில் ஒரு பழம் தின்று முடித்துவிடலாம், அவ்வளவு நிதானம். சிதறிய மனத்தை ஒன்றுசேர்க்க அவர் முகாம் நடத்தப்போகிறார் என்றதும் பேச்சியம்மா முதல் ஆளாகப் போய் நின்றாள்.

முகாமுக்கு வருகிறவர்கள் போனைக் கரையான் புற்றுக்குள் போட்டுவிட வேண்டும். புற்றுக்குள் நாகப்பாம்பு இருந்தது. ஆகவே இடையில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் யாருக்கும் எழவில்லை.

முதல் நாள் தேரர் சீலங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முதலில் உயிரைக் கொல்லாதிருத்தல், பிறகு திருடாதிருத்தல், பொய் சொல்லாதிருத்தல் என்று அடித்தளம் போட்டுக்கொண்டால்தான் தியானம் நிற்கும் என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காட்டுப்பன்றி எழுந்து, அதெல்லாம் பெரிய இடத்துச் சங்கதி, தங்களுக்கு மனசு மட்டும் தெளிந்தால் போதும் என்று பணிவாகச் சொன்னது. பேச்சியம்மாவும் தலையாட்டினாள். திருடாதிருத்தல் என்ற சொல் அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தேரர் அந்தப் பெரிய கண்களால் எல்லோரையும் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, சரி, மூச்சிலிருந்தே தொடங்குவோம் என்றார்.

மூச்சைக் கவனிப்பது பார்க்க எளிதாக இருந்தது. பேச்சியம்மா கண்ணை மூடியதும் முதுகு அரித்தது. முதுகு முடிந்ததும் காது. காது முடிந்ததும், 'கொப்புத் தோழிகள்' குழுவில் இந்நேரம் யார் என்ன பேசுகிறார்களோ என்று நினைப்பு ஓடியது. மனம் ஒரு குரங்கு, அது கிளைக்குக் கிளை தாவும் என்றார் தேரர். பேச்சியம்மாவுக்குச் சுருக்கென்றது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப எம் மனசு என்னவா இருக்கும், சாமி?" என்று கேட்டாள்.

தேரர் பதில் சொல்லவில்லை. கண்ணை மூடியவர் மூடியபடியே இருந்தார். வெயில் ஏறியது, இறங்கியது, அவர் அசையவில்லை. சில கேள்விகளுக்கு மௌனம்தான் பதில் என்று நரி விளக்கம் சொன்னது. எல்லோரும் கைகூப்பினார்கள். ஆசானின் ஆழ்ந்த நிலையைக் கண்டு அவர்களும் உட்கார்ந்தார்கள். பகல் முழுவதும் அப்படி அசையாமல் இருக்கிற ஒருவரை அந்தக் காடு அதுவரை கண்டதில்லை.

மாலையில் தேரர் கண் திறந்து அடுத்த பாடம் சொன்னார். மனத்தில் எது வந்தாலும் அதற்கு ஒரு பெயர் வை. அரித்தால் 'அரிப்பு, அரிப்பு' என்று குறித்துக்கொள். கோபம் வந்தால் 'கோபம், கோபம்'. அதன் பின்னால் ஓடாதே. அதைப் பார்த்துக் கூச்சலும் போடாதே. வந்த விருந்தாளி தானே எழுந்து போய்விடுவான். இதைச் சொல்லிவிட்டு, விடியும்வரை பூச்சி பிடித்துத் தின்றுவிட்டு, மறுநாள் காலையில் மீண்டும் ஆழ்ந்த நிலைக்குப் போய்விட்டார்.

பின்வரிசையில் ஒருவர் வந்து உட்கார்ந்ததை அன்றுதான் எல்லோரும் கவனித்தார்கள். அண்ணாச்சி. முன்வரிசை முழுக்க மரத்தில் ஏறிவிட்டது. மரமேறத் தெரியாத பன்றி நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டது.

அண்ணாச்சியின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. அவர் தலைகுனிந்தபடி பேசினார்.

"பயப்படாதீய. நானும் மனசு சரியில்லாமத்தான் வந்திருக்கேன். பதுங்கப் போனா போன் அடிக்கு. பாய்ஞ்சா எதுக்குப் பாய்ஞ்சோம்னு மறந்துபோவுது. நெஞ்சத் தொட்டுச் சொல்லுதேன் தாயி, நான் மனுசனாட்டம் ஆயிட்டேன்."

புலி ஒன்று தன்னை மனிதன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் கெட்டுப்போயிருந்தால் யாருக்குத்தான் இரக்கம் வராது. பேச்சியம்மாவே இறங்கி வந்து அவருக்குப் பக்கத்தில் இடம் காட்டினாள்.

இந்த இடத்தில் உங்களுக்குப் பழைய கதைகள் ஞாபகம் வரும். புலி நடிக்கிறது, முகாமிலேயே ஒவ்வொருவராகத் தின்னப்போகிறது என்று நினைப்பீர்கள். அவர் நடிக்கவில்லை. போனைப் புற்றுக்குள் போட்டுவிட்டு மெய்யாகவே உட்கார்ந்தார், மெய்யாகவே மூச்சைக் கவனித்தார். தொல்லையே அதுதான்.

முகாம் முடிவதற்குள் பேச்சியம்மாவுக்கு ஒன்று நடந்தது. ஒரு நாவல்பழத்தை வாயில் போட்டாள். தோல் கிழிந்தது, துவர்ப்பு நாக்கில் ஏறியது, பின்னால் இனிப்பு வந்தது, கொட்டை மிஞ்சியது. அதுவரையிலும் அவள் மனம் அந்தப் பழத்தை விட்டு எங்கும் போகவில்லை. மழைக்காலத்திலிருந்து எத்தனையோ பழம் தின்றிருக்கிறாள், ஒன்றின் ருசியும் நினைவில்லை. மருதமரத்துப் பட்டையில் எறும்பு போகும் தடம் தெரிந்தது. ஓடைச் சத்தம் தனியாகவும் இலைச் சத்தம் தனியாகவும் கேட்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. அவள் மனம் தெளிந்தேவிட்டது.

அவள் திரும்பி வந்து மரமேறியதைக் கண்டதும் மான்களுக்கு நிம்மதியாகிவிட்டது. இவ்வளவு தெளிந்த காவல்காரி எந்த மந்தைக்குக் கிடைப்பாள். தங்கபுஷ்பம் குட்டியைத் திறந்த புல்வெளி வரைக்கும் மேயவிட்டாள்.

புலி வந்தார். பேச்சியம்மா அவரை வெகு தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கோரைப்புல் காற்றுக்கு எதிராக அசைவதைப் பார்த்தாள். தோள்பட்டை எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். மீசையில் ஒட்டியிருந்த புல்விதையைக்கூடப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் ஒரு புலியை இவ்வளவு முழுமையாகப் பார்த்ததில்லை.

'புலி, புலி' என்று குறித்துக்கொண்டாள்.

உடம்பு நடுங்கியது. 'பயம், பயம்' என்று குறித்துக்கொண்டாள். தொண்டைக்குள் ஏதோ முட்டிக்கொண்டு வந்தது. 'கத்தத் தோன்றுகிறது, கத்தத் தோன்றுகிறது.' அதன் பின்னால் அவள் ஓடவில்லை. விருந்தாளி வந்தான், முட்டினான், போய்விட்டான். உள்ளே அமைதி பரவியது. எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும், புலியும் நலமாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினாள். புலி அப்போது நலமடையும் தறுவாயில்தான் இருந்தார்.

அண்ணாச்சியும் அதே முகாமில் படித்தவர். 'பசி, பசி' என்று குறித்துக்கொண்டார். 'மான்குட்டி, மான்குட்டி.' மனம் எங்கும் சிதறவில்லை. மூச்சு சீராக இருந்தது. பாய்ந்தார்.

குட்டியைக் காப்பாற்றியது ஒரு மயில். முகாமுக்கு வராத மயில். தன் ஆட்டத்தைத் தானே படமெடுத்துப் போடுவதற்காக வாரம் முழுக்கத் தோகையை விரித்துக்கொண்டிருக்கிற மயில். படத்தில் தன் தோகைக்குப் பின்னால் மஞ்சளாக எதுவோ கெடுக்கிறதே என்று உற்றுப் பார்த்துவிட்டு ஊரே கேட்க அகவியது. குட்டி துள்ளியது. நகம் பின்னங்காலைக் கிழித்ததோடு போயிற்று. பாய்ச்சல் தவறியதை அண்ணாச்சி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'ஏமாற்றம், ஏமாற்றம்' என்றபடி புல்லுக்குள் நடந்து போனார்.

குட்டியை நக்கிக் கொடுத்துவிட்டுத் தங்கபுஷ்பம் மரத்தடிக்கு வந்தாள்.

"நீ பாக்கலியாக்கா?"

"பாத்தேன், புஷ்பம்."

"பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன். அப்படி ஒருநாளும் பாத்ததில்ல."

தங்கபுஷ்பம் குட்டியின் காலைத் திரும்பிப் பார்த்தாள். "போன் வச்சிருந்தப்ப நீ பாக்காம விட்ட. அத நான் மன்னிச்சிட்டேன்க்கா. இப்ப பாத்துட்டு விட்டிருக்க" என்றாள்.

பேச்சியம்மா அந்தச் சொல்லுக்கும் ஒரு பெயர் வைத்துப் பார்த்தாள். பெயர் ஒட்டவில்லை. வலித்தது, வலித்துக்கொண்டே இருந்தது.

பொழுது சாய்ந்ததும் குகைக்கு ஓடினாள். தேரர் அப்போதுதான் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்கக் கேட்க அவருடைய கண்கள் இன்னும் பெரிதாயின.

"புலி வந்தால் கத்த வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன், தாயே?"

"வர்ரதப் பாத்துக் கூச்சல் போடாதன்னு சொன்னியளே, சாமி."

"மனத்துக்குள் வருவதைச் சொன்னேன். மரத்தடியில் வருவதையா சொன்னேன்? கவனிப்பது எதற்கு? செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்வதற்குத்தான்."

இதை அன்றைக்கே விளக்கியிருக்கலாமே, பகல் முழுக்க நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோமே என்று பேச்சியம்மா விம்மினாள்.

"பகலில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்" என்றார் தேரர். "தேவாங்கு பகலில் வேறு என்ன செய்யும்?"

அவர் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் மறைக்கவில்லை.

மறுநாளிலிருந்து பேச்சியம்மா கத்தினாள். கோரைப்புல்லில் ஒரு தாள் அசைந்தால்கூடக் கத்தினாள். ஆனால் இப்போது வேறொரு தொல்லை. அண்ணாச்சி பழைய அண்ணாச்சி இல்லை. சருகு மிதிபடாமல் நடந்தார். கத்தலைக் கேட்டால் பதறாமல், 'சத்தம், சத்தம்' என்று குறித்துக்கொண்டு, எல்லோரும் ஓடி முடித்துக் களைக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். முதலில் காட்டுப்பன்றி போயிற்று. சீலம் வேண்டாம், மனசு தெளிந்தால் போதும் என்று எழுந்து சொன்ன அதே பன்றி. பிறகு ஒரு கடமான். அண்ணாச்சி ஒவ்வொரு வாயையும் கண்மூடி நிதானமாக மென்றார். தின்று முடித்ததும் அந்த உயிருக்கு நன்றி சொன்னார். அவர் உடம்பு தேறியது, முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. பார்த்தவர்கள் அழகாகிவிட்டார் என்றுகூடச் சொன்னார்கள், தூரத்திலிருந்து.

தங்கபுஷ்பத்தின் குட்டிக்குக் கால் ஆறவில்லை. நொண்டி நொண்டித்தான் நடந்தது. பேச்சியம்மா எவ்வளவு முன்கூட்டிக் கத்தினாலும் அதனால் ஓட முடியாது. மந்தை ஓடும், தாய் நிற்பாள், குட்டி நிற்கும். இன்னொரு முறை மயில் வராது. இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணாச்சிக்கும் தெரிந்திருந்தது, அவர் இப்போதெல்லாம் ஓடைக்கரைப் பக்கமாகவே உலாவினார்.

பேச்சியம்மா ஓய்ந்துபோனாள். தெளிந்த மனத்தை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. பழையபடி ஒன்றும் தெரியாமலிருந்தால் போதும் என்று தோன்றியது. தன் போனை எடுக்கப் புற்றுக்குப் போனாள். பாம்பு கொத்தினால் கொத்தட்டும் என்று கையை உள்ளே விட்டாள்.

பாம்பு படம் எடுக்கவில்லை. சீறவும் இல்லை. அதைச் சுற்றி முகாம்காரர்களின் போன்கள் அத்தனையும் மினுங்கிக்கொண்டிருந்தன. "எடுத்துக்கோ, எடுத்துக்கோ. கொஞ்சம் தள்ளி நில்லு, காத்து மறைக்கு, டவர் கிடைக்க மாட்டேங்கு" என்றது. கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்கவில்லை. அது எலியைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதற்கு, அதன் வாலின் மேல் தூங்கிக்கொண்டிருந்த எலிக்குஞ்சுகளே சாட்சி.

பேச்சியம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. தேரர் சொன்னபடி மனம் ஓடைத் தண்ணீர்போல அடங்கியதும், அடியில் கிடந்தது தெரிந்தது. டவர் வந்த நாள்முதல் முகாம் முடிந்த நாள்வரை இந்தக் காட்டில் புலிவாயில் போனவர் ஒருவரும் இல்லை. அது தன் காவலால் இல்லை. தான்தான் காவலே பார்க்கவில்லையே. அண்ணாச்சி நிமிர்ந்து பார்க்காததால்.

தன் போனை அங்கேயே விட்டாள். நகக்கீறல் விழுந்த ஒரு பெரிய போனைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சி ஓடைக்கரைப் பாறையில் கண்மூடி அமர்ந்திருந்தார். புல்வெளியைக் கடந்து தங்கபுஷ்பம் குட்டியை மெல்ல அழைத்து வந்துகொண்டிருந்தாள். தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. பேச்சியம்மா அவர் எட்டிப் பிடிக்கும் உயரத்தில் இருந்த கொப்பில் இறங்கி நின்றாள்.

"அண்ணாச்சி, இது உங்க சாமான்லா. புத்துல சும்மா கெடந்துது."

அண்ணாச்சி கண் திறந்தார். போனைப் பார்த்ததும் அவர் முகத்தில் மெய்யான வருத்தம் தெரிந்தது. "வேண்டாம் தாயி. அது ஆள முழுங்கிரும். இப்பத்தான் நல்லா இருக்கேன். பசிச்சா பசி தெரியுது. காலைல எந்திரிச்சா காலைன்னு தெரியுது" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த நாவல்பழத்தின் ருசி என்னவென்று அவளுக்கும் தெரியும். ஓர் உயிர் பாடுபட்டுத் தேடிக்கொண்ட தெளிவை இன்னோர் உயிர் கெடுக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். கீழே குட்டியின் குளம்புச் சத்தம் தாறுமாறாகக் கேட்டது. அண்ணாச்சியின் காது அந்தப் பக்கம் திரும்பியது.

"சரி அண்ணாச்சி. வேண்டாம்னா வேண்டாம்" என்றாள். "வடக்க ஏதோ ஒரு சிங்கம் உங்களப் பத்தி என்னமோ எழுதியிருக்காம். அதான் கொண்டாந்தேன்."

அண்ணாச்சியின் காது திரும்பி வந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"எனக்கென்ன தெரியும். நாந்தான் அதெல்லாம் விட்டாச்சுல்லா."

பொய் சொல்லாதிருத்தல் என்ற சீலத்தை அவள் எடுத்துக்கொள்ளாமல் விட்டது இந்த இடத்தில் கைகொடுத்தது. அண்ணாச்சி கண்ணை மூடினார். 'சிங்கம், சிங்கம்' என்று முணுமுணுத்தார். 'கோபம், கோபம்.' மூச்சு ஏறி இறங்கியது. விருந்தாளி எழுந்து போகவில்லை. சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். 'ஒருவேளை நல்லவிதமாக எழுதியிருக்குமோ, ஒருவேளை நல்லவிதமாக எழுதியிருக்குமோ' என்று குறிக்கும்போதே அவர் கை நீண்டுவிட்டது.

"ஒரே ஒரு தடவ பாத்துட்டுத் தந்திருதேன், தாயி."

திறந்தால், சிங்கம் உண்மையாகவே எழுதியிருந்தது. இவ்வளவு நாள் கழித்துத் திறந்தால் யாராவது எதையாவது எழுதாமலா இருப்பார்கள். கோடு போட்ட பூனைகளெல்லாம் ராஜா என்று சொல்லிக்கொள்வதைப் பற்றி நீளமாக ஒரு பதிவு. அதற்குக் கீழே ஒரு சிறுத்தை சிரித்திருந்தது. அண்ணாச்சி பாறையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு பதில் அடிக்கத் தொடங்கினார். புலியின் விரலுக்கு அந்த எழுத்துகள் சின்னவை. ஒன்றைத் தொட்டால் வேறொன்று விழுந்தது. அழித்து அழித்து அடித்தார்.

தங்கபுஷ்பம் குட்டியோடு பாறையை ஒட்டி நடந்து போனாள். அவரைப் பார்த்ததும் அவள் உடம்பு விறைத்தது. பேச்சியம்மா மேலிருந்து, நிற்காமல் போ என்று கைகாட்டினாள். குட்டி தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டு, கண்டதையெல்லாம் முகரும் அதன் வழக்கப்படி, அண்ணாச்சியின் வால் நுனியையும் முகர்ந்து பார்த்தது. அவர் ஈயை ஓட்டுவதுபோல வாலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

பேச்சியம்மா கொப்பில் உட்கார்ந்து, 'குற்ற உணர்ச்சி, குற்ற உணர்ச்சி' என்று குறித்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் அது போய்விட்டது. அந்த நாள் முதல் அவள் போனைத் தொடவில்லை. காலையிலும் மாலையிலும் மூச்சைக் கவனிக்கிறாள், பழத்தை ருசித்துத் தின்கிறாள், அவளைப்போல் மனம் தெளிந்த ஓர் உயிர் அந்தக் காட்டில் இல்லை.

காவல் வேலையும் நடக்கிறது. முன்னைவிடக் கூர்மையாகவே நடக்கிறது. உச்சிக்கொப்பிலிருந்து அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது அண்ணாச்சியின் போன் திரையைத்தான். சார்ஜ் சிவப்புக்கு இறங்கியதும் 'கெக்க், கெக்க்' என்று தொண்டை வறளக் கத்துகிறாள். மான்கள் ஓட்டம் பிடிக்கின்றன. அவள் மரத்திலிருந்து இறங்கி, அண்ணாச்சியிடம் பணிவாகக் கேட்டு வாங்கி, சூரிய வேலிக்கு ஓடுகிறாள்.

நீதி: மனத்தெளிவு எல்லா உயிர்களுக்கும் நல்லது; உன்னைத் தின்னக்கூடியவருக்கு மட்டும் அது வந்துவிடாமல் பார்த்துக்கொள். அவருடைய சார்ஜும் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்.